கார்வேட்டிநகரத்துக் காவலாளி

திருப்பதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பண்பாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழ முப்பது வருடம் என் அக்காவின் கணவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் சிவப்புத் தலைப்பாகை, வலது கையில் ஈட்டி, மார்பில் குறுக்காகப் பித்தளை வில்லை கோத்த பட்டை. காலடியில் இருந்த பலகையில், கார்வேட்டிநகரம் சமஸ்தானத்தின் அரண்மனைக் காவலாளி என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மாமா ஈட்டியைத் தொட்டதில்லை. நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டியவர் அவர்.

அந்த உருவத்தில் முகமும் இரண்டு கைகளும் மட்டும்தான் அவருடையவை. சென்னையில் ஓவியக் கல்லூரி முடித்த ஒரு சிற்பி அப்போது எங்கள் தெருவில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். மியூசியங்களுக்கு ஆளுயரப் பொம்மைகள் செய்து கொடுப்பது அவர் தொழில். மாமாவின் மூக்கு அவருக்குப் பிடித்துப்போனது. மூக்குத் துவாரங்களில் இரண்டு உறிஞ்சுகுழாய்களைச் செருகி, முகம் முழுக்க ஈரப் பிளாஸ்டரைப் பூசி அச்சு எடுத்தார். முதல் தடவை மாமாவுக்குச் சிரிப்பு வந்து அச்சு உடைந்தது. இரண்டாம் தடவை, இரவு முழுக்கத் தறி ஓட்டிவிட்டு வந்திருந்ததால், பிளாஸ்டருக்கு அடியிலேயே தூங்கிவிட்டார். மூச்சு வருகிறதா என்று அக்கா குழாய்க்கு எதிரே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பொம்மை ஹைதராபாத்துக்குப் போகிறது என்று சிற்பி சொல்லியிருந்தார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மாமா மட்டும் கொஞ்ச நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம்.

பத்து வருடம் முன்பு, ஒரு மார்கழிக் காலை, தறி மோட்டாருக்கு பெல்ட் வாங்கி வருகிறேன் என்று மாமா திருப்பதி ரயில் ஏறினார். திரும்பி வரவில்லை. பெல்ட் நகரியிலேயே கிடைக்கும். இதைப் போலீஸும் கேட்டது, நானும் கேட்டேன். போனை வீட்டில் சார்ஜரில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்காவோடு சண்டை இல்லை, கடன் இல்லை, நோய் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் துணையாசிரியர். 'காணவில்லை' அறிவிப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, அடையாளம். நான்கு வரியில் ஓர் ஆள். மாமாவுடையதை நானே எழுதினேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, வலது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்தது. அச்சான பிறகு வாசித்துப் பார்த்தபோது பிழை எதுவும் இல்லை. யாரும் தகவல் தரவும் இல்லை.

விருப்ப ஓய்வு பெற்றபின், மகன் வேலை பார்க்கும் திருப்பதிக்குக் குடிவந்தேன். பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மியூசியங்களுக்குப் போகும் பழக்கம் அப்படித்தான் வந்தது. வெயில் படாது, மின்விசிறி ஓடும், எவ்வளவு நேரம் நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பண்பாட்டு மையத்துக்கு முதல் தடவை போனபோது நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, ஈட்டியைப் பிடித்திருந்த கையை. கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. தறியில் குறுக்கே ஓடும் நாடா வந்து அடித்ததில் பிளந்த நகம். நிமிர்ந்து புருவத்தைப் பார்த்தேன். பிறகு, பழக்க தோஷம், பலகையில் எழுதியிருந்ததைக் கடைசிவரை படித்தேன்.

அன்று இங்கேதான் வந்திருப்பாரோ என்று அலுவலகத்தில் போய், மாமா காணாமல் போன மாதத்துப் பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தையவற்றை வைத்திருப்பதில்லை என்றார்கள். அக்காவிடம் ஒரு மாதம் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவள் நேராக அவரிடம் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த செப்புக் காசுகளையும், உடைந்த பானைகளையும், ஏர்க்கலப்பையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அவருக்கு முப்பத்தைந்து.

"அவருதான்," என்றாள். கிட்டே குனிந்து பார்த்து, "கண்ணு மட்டும் அவரோடது இல்ல. எவனோ அதுக்குள்ளருந்து பாக்கறான்" என்றாள்.

அச்சு எடுக்கும்போது கண் மூடியிருக்கும், பிறகு சிற்பிதான் திறந்த கண்ணைச் செதுக்கி வண்ணம் கொடுத்திருப்பார் என்று விளக்கினேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஈட்டி எதுக்குடா குடுத்தானுங்க? பல்லி மேல உழுந்தாலே எய்ந்து ஓடுவாரே."

காவலாளியின் காலடியில் சில்லறை கிடந்தது. மலைக்குப் போய்விட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே வரும் யாத்ரீகர்கள் போட்டது. தலைப்பாகையும் ஈட்டியுமாக ஓர் உருவம் நின்றால் அவர்களுக்கு அது சாமிதான். கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர் என்று நினைத்திருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். கிரில் கம்பியில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். நிர்வாகம் தடுத்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தது. காலப்போக்கில் வாட்ச்மேனே ஒரு குங்குமக் கிண்ணத்தை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அக்கா வெகுநேரம் நிற்பதைப் பார்த்து வேண்டுதல்காரி என்று நினைத்தார் அவர். கிண்ணத்தை நீட்டி, "பொட்டு பெட்டுகோண்டி அம்மா. சாமி நல்லா பாத்துக்குவாரு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். தாலியை வெளியே எடுத்து அதிலும் வைத்தாள். அதற்குள் மூன்று வருடமாகத் தெருவில் அவளுக்கு யாரும் குங்குமம் கொடுப்பதில்லை. மறுப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை தட்டை நீட்டும் பெண்கள் அவள் முறை வரும்போது பேச்சை மாற்றிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இருக்கிறவரின் மனைவியா இல்லாதவரின் மனைவியா என்று முடிவு செய்ய முடியாத ஒருத்தியிடம் எப்படி நடந்துகொள்வதென்று அவர்களுக்குத் தெரியாது. குற்றம் சொல்ல எனக்கும் வாயில்லை. நானும் அந்த மூன்று வருடம் அவள் நெற்றியைப் பார்க்காமலே பேசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வந்தாள். மாமாவின் தம்பி அதே வீட்டின் மறுபாதியில் இருக்கிறார். அவரிடம் "எந் தம்பி மியூசியம் பாக்கக் கூப்ட்டான்" என்று சொல்லிவிட்டு வருவாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அதனால் சொன்னதை உண்மையாக்க வேறு மியூசியங்களுக்கும் போனோம். சந்திரகிரிக் கோட்டையில் தலையில்லாத கற்சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். இருக்கும் உடம்புகளை எண்ணினாள். இல்லாத தலைகள் எங்கே போயிருக்கும் என்று கேட்டாள்.

சித்தூரில் பழைய மிஷன் சபை ஒன்று, ஆலயத்தின் பக்கத்து அறையைக் காட்சிக்கூடமாக வைத்திருந்தது. வெள்ளைக்காரப் பெண் டாக்டர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி, காற்றுப்போன ஆர்மோனியம், சுவர் நிறைய குழுப் படங்கள். படங்களில் இருந்த எல்லோருமே இறந்தவர்கள். எல்லோருக்கும் கீழே பெயர் இருந்தது. அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எங்களுக்கு டீ வரவழைத்தார். அக்காவின் தாலியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வூட்டுக்காரரு இன்னா பண்றாரும்மா?"

"திருப்பதில வேல," என்றாள் அக்கா.

"கோயில்லயா?"

"இல்லம்மா. காவல் வேல. நின்னுக்கினே இருக்கணும்."

"ஐயோ பாவம். உக்கார உட மாட்டாங்களா?"

"உட மாட்டாங்க. மொத நாள்லருந்தே நிக்கறாரு."

"கால் வீங்கிக்கும்மா. ராத்திரில வெந்நீர்ல உப்புப் போட்டு வெக்கச் சொல்லு."

"சொல்றேம்மா," என்றாள் அக்கா. வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் ஆனி மாதம் நான் நகரிக்குப் போயிருந்தபோது மாமாவின் தம்பி பேச்சை எடுத்தார். அவர் நல்ல மனிதர். அண்ணன் போனதிலிருந்து அண்ணன் தறிகளையும் சேர்த்து ஓட்டி, அண்ணியை உட்காரவைத்துச் சோறு போடுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி வீட்டுக்குள்ளும் உரக்கப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணுக்கு மூணு எடம் வந்து மூணும் தட்டிப் போச்சு. செய்ய வேண்டியத செய்யாம ஒரு ஆத்துமாவ நிக்க வெச்சிருக்கீங்கன்னு ஐயரு சொல்றாரு. உடம்பு கெடைக்காதவங்களுக்கு தர்ப்பையில ஆள் மாதிரி கட்டி எரிக்கலாமாம். நீங்க ஒப்புக்கினு வந்து உக்காந்தாதான் நான் கொள்ளி வெக்க முடியும்."

"உசுரோட இருந்தா?"

"இருந்தா ஒரு போன் பண்ண மாட்டாரா?"

"உன் நம்பர் அவருக்கு மனப்பாடமா தெரியுமா?"

அவர் யோசித்தார். "தெரியாது."

"என்னுதும் தெரியாது. பேரப் பாத்து அமுக்கற ஆளு. போன்தான் இங்க கெடக்குதே."

"அண்ணி, நானும்தான் ஒம்போது வருசமா ரயில் சத்தம் கேட்டா வாசலப் பாக்கறேன்," என்றார் அவர். ஆவணிக்குள் ஒரு முடிவு சொல்லும்படி கேட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பெண்ணை அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தவள். இருபத்தேழு வயது. அவள் உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டம்ளர்களை எடுக்க வந்தபோது, "பெரீம்மா, எனக்காக ஒன்னும் செய்ய வாணாம்" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அக்காவால் முடியாது என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை.

ஆடி பிறந்து சில நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. பண்பாட்டு மையத்தின் வாட்ச்மேன். பார்வையாளர் பதிவேட்டில் நான் ஒவ்வொரு தடவையும் எழுதிய எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். கீழ்த்தளத்தைப் புதுப்பிக்கிறார்கள், பொம்மைகளை எல்லாம் எடுக்கிறார்கள், அந்த அம்மா கடைசியாக ஒரு தடவை சாமி பார்க்க வேண்டுமென்றால் வரச் சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் போனபோது காவலாளியைக் கழற்றி முடித்திருந்தார்கள். தலைப்பாகை ஒரு பக்கம், அங்கி ஒரு பக்கம். அங்கிக்குள் உடம்பு இல்லை. இரும்புக் கம்பியும், அதைச் சுற்றி வைக்கோலும், சாக்கும். வைக்கோலில் எலி கூடு கட்டியிருந்தது. முகமும் கைகளும் ஓர் அட்டைப்பெட்டியில் மேல்நோக்கிக் கிடந்தன.

பொறுப்பாளர் ஓர் இளம்பெண், தெலுங்குக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். அவரிடம் விஷயத்தை நான் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் அக்காவையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். வாட்ச்மேன் குங்குமக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே ஓரமாக நகர்ந்து போனார்.

"வேணும்னா இத நீங்க எடுத்துட்டுப் போகலாம்மா. நான் எழுதித் தரேன்."

"வாணாம்மா," என்றாள் அக்கா. "கண்ணு வேற ஆளு."

அந்தப் பெண் சற்றுத் தயங்கினார். "ஸ்டோர் ரூம்ல மோல்டு இருக்கு. அந்த சிற்பி எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. அதுல கண்ணு மூடித்தான் இருக்கும்" என்றார்.

ஸ்டோர் ரூமில் சிமெண்டு அலமாரிகளில் அச்சுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஊர் எழுதியிருந்தது. நகரி என்று எழுதியதை அவர் எடுத்து, சுவரோரம் மேசையில் நிறுத்தினார். ஒரு கிண்ணம் போலக் குழிந்த பிளாஸ்டர். முகத்தின் உட்புறம். மூக்கு உள்ளே போயிருந்தது, கன்னம் உள்ளே போயிருந்தது. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது குழி மறைந்து முகம் வெளியே எழும்பி வந்தது. மூடிய கண்களோடு மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஓர் அடி வலப்புறம் நகர்ந்தாள். முகமும் அவள் பக்கம் திரும்பியது. இடப்புறம் வந்தாள். திரும்பியது. குழிந்த முகத்தைப் பார்க்கும்போது கண் செய்யும் பிழை அது, எந்த அச்சிலும் அப்படித்தான் தெரியும் என்று பொறுப்பாளர் மெல்லிய குரலில் சொன்னார். அக்கா நான்கைந்து தடவை அப்படியும் இப்படியும் நடந்தாள். மூடிய கண்களோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நைட்டு தறி ஓட்டிட்டு வந்து இப்டிதான் படுத்துக்கினு இருப்பாரு," என்றாள். "நான் பெருக்கிக்கினு எந்தப் பக்கம் போனாலும் இப்டிதான்."

பிறகு கிட்டே போய்க் கையை நீட்டினாள். முகம் இருந்த இடத்தில் விரல்கள் எதையும் தொடாமல் உள்ளே போயின. அவள் கையை எடுக்கவில்லை. குழிக்குள் நெற்றியை, மூக்கை, உதட்டைத் தடவினாள். இடது புருவத்தின் இடத்தில் விரல் நின்றது.

"இங்க முடி இருக்குது."

பொறுப்பாளர் டார்ச் அடித்தார். பிளாஸ்டரில் பதிந்து மூன்று முடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அச்சை உரிக்கும்போது புருவ முடி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு என்றார் அவர். எடுத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டாள். அவரே ஓர் இடுக்கி கொண்டுவந்து, உடையாமல் ஒவ்வொன்றாக உருவி ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். அக்கா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டினாள். திரும்பத் தாளில் வைத்தாள். மடித்தாள்.

நான் டார்ச் வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்தேன். மூன்றும் ஒரே கனம். மூன்றும் ஒரே நீளம். ஒரு முனை கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. புருவ முடி நுனிக்கு வரவர மெலிந்து வளையும். இவை வளையவில்லை. முதல் பூச்சைப் பிரஷ்ஷால் தடவியிருப்பார்கள், அதிலிருந்து உதிர்ந்தவை என்று எனக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வருடம் பிறர் எழுதியதில் பிழை தேடியே சம்பளம் வாங்கியவன் நான். வாயைத் திறக்கவில்லை.

பஸ் புத்தூர் தாண்டியதும், "கொழுந்தன்கிட்ட சொல்லிடு. நான் உக்கார்றேன்" என்றாள்.

ஆடி கழிந்து ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. தர்ப்பையில் கட்டிய உருவம் கைக்குழந்தை நீளம்தான் இருந்தது. ஐயர் கேட்பதற்கு முன்பே அக்கா தாளைப் பிரித்து நீட்டினாள். "அவரோட முடி" என்றாள். மாமாவின் தம்பி அதைக் கையில் வாங்கியதும் உடைந்துபோனார். ஒன்பது வருடமாக அழாதவர், மணலில் உட்கார்ந்துகொண்டு அண்ணா அண்ணா என்று அரற்றினார். அந்த மூன்று முடியும் இல்லாவிட்டால் அவரால் அழுதிருக்க முடியாது என்று நினைக்கிறேன். தர்ப்பை ஒரு நிமிடத்தில் எரிந்துவிட்டது. பத்தாம் நாள் அக்காவுக்குச் செய்யவேண்டியதைப் பெண்கள் செய்தார்கள். நான் வெளியே நின்றுகொண்டேன்.

ஐப்பசியில் மாமாவின் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த வாரம் நகரிக்குப் போனபோது நூல்காரன் வந்திருந்தான். நூல் உருளைகளை இறக்கி வைத்து, எல்லாம் எண்பதாம் நம்பர், மெல்லிசு நூல் என்றான். அக்கா ஓர் உருளையிலிருந்து ஒற்றை நூலை இழுத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள்.

"இது அறுபதுப்பா. இத எடுத்துக்கினு போயி வேற கொண்டா."

அவன் சீட்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அறுபதுதாம்மா. மாறிப் போச்சு" என்றான்.

நாற்பது வருடம் தறி வீட்டில் இருந்தவள். ஸ்டோர் ரூமில் அவள் முடியை உருட்டியது இதே விரல்களால்தான். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள். கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவள் நூல்காரன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சின்னதாகத் திருநீறு மட்டும் இருந்தது.

"அடுத்த மாசம் எங்க போலாம்?" என்றாள்.

சென்னையில் பெரிய மியூசியம் இருக்கிறது, நாள் முழுக்கப் பார்க்கலாம், சாயங்காலம் கடற்கரைக்கும் போய்விட்டு வரலாம் என்றேன்.

"அங்க ஆளு பொம்ம இருக்குதா?"

"இருக்கும்."

"அதே அச்சுல இன்னும் எத்தினி செஞ்சு குடுத்தானோ. அப்ப நீ மொதல்ல போயி பாத்துட்டு வா. நான் வெளிய உக்காந்துக்கினு இருக்கேன்."

அப்படித்தான் செய்கிறோம். எந்த ஊர் மியூசியமானாலும் அவள் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் உள்ளே போய், உழவன், குயவன், மீனவன், சிப்பாய் என்று நிற்கிற எல்லாருடைய முகத்தையும், பிறகு வலது கட்டைவிரலையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, இல்லை என்று தலையசைப்பேன். அதற்குப் பிறகுதான் அவள் டிக்கெட் எடுப்பாள்.